பழைய எஞ்சினுக்குப் புதிய ஹெட்

கம்பிகளால் பிடித்துப் பறக்கவிடும் கண்ட்ரோல் லைன் மாதிரி விமானங்களின் பழைய எஞ்சினை மீண்டும் ஓடவைக்க விரும்புபவர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது சிலிண்டர் ஹெட்டில்தான். விமானம் மூக்கு குத்தி விழும்போது அடிவாங்குவது அது; பிளக்கைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி மரை தேய்வதும் அதில்தான். தயாரித்த கம்பெனியே மூடிப்போயிருக்க, உதிரிபாகத்துக்கு எங்கே போவது? புதிதாகக் கடைந்துகொள்வதே வழி. சென்னையின் மேற்குப் பக்கத்தில் இது சுலபம். அறுபதுகளில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கி, பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை வரை, வாகன உதிரிபாகங்களை நம்பி வாழும் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. முப்பது மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி ஃபின் போடுவது அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் எதைக் கடைவது என்பதில்தான் தகராறு. ஒரு சாரார், கடைவதுதான் கடைகிறோம், பழையதைவிட மேலானதாகக் கடைவோம் என்கிறார்கள். மறு சாரார், அசல் ஹெட் போனால் எஞ்சினே போனது மாதிரி என்கிறார்கள். எல்லா எஞ்சினிலும் ஹெட் ஒரே வேலையைத்தான் செய்கிறது என்று இரு தரப்புமே எண்ணிக்கொள்வதுதான் கோளாறு.

இந்தியாவில் இருப்பதிலிருந்தே தொடங்கலாம். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்களுக்கு ஏரோமாடலிங் கற்றுத்தருகிறது. கண்ட்ரோல் லைன் அதில் ஓர் அங்கம். வெளிநாட்டு எஞ்சின்கள் வருவதைத் தடுத்த நுகர்பொருள் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் மிச்சமிருந்தவை 2001 ஏப்ரலில்தான் முற்றாக விலகின. அதற்கு முந்தைய காலத்தில் இங்கே விமானம் பறக்கவிட்டவர்களுக்குக் கைகொடுத்தவை கல்கத்தாவில் செய்யப்பட்ட அரோரா டீசல் எஞ்சின்கள். பிரிட்டனின் மில்ஸ் எஞ்சினைப் பார்த்துச் செய்தவையும் அவற்றில் உண்டு. இவ்வகை டீசலில் பிளக் கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய்க் கலவை அழுத்தத்தாலேயே பற்றிக்கொள்ளும். எரிதல் நடக்கும் அறையின் கூரை ஹெட் அல்ல. சிலிண்டருக்குள்ளேயே மேலிருந்து இறங்கும் எதிர்ப் பிஸ்டன். ஹெட் என்று நாம் சொல்வது வெப்பத்தை வெளியே விடும் ஃபின் சட்டை, எதிர்ப் பிஸ்டனைத் தள்ளும் திருகுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவே. அழுத்தத்தைப் பறக்கவிடுபவரே திருகி வைத்துக்கொள்கிறார் என்பதால், புது ஹெட் போட்டால் எஞ்சினின் குணம் மாறிவிடும் என்ற அச்சம் இங்கே பொருந்தாது. தேய்ந்த திருகு மரை அதிர்வில் தானாகக் கழன்று அழுத்தம் இறங்குவது தெரிந்த தொல்லை. பித்தளைப் புஷ் வைத்துக் கடைந்த ஹெட் அதைத் தீர்க்கும். ஒரே எச்சரிக்கை: சில எஞ்சின்களில் சிலிண்டரின் உட்குழாயான லைனரை அழுத்திப் பிடித்திருப்பதே ஹெட்தான். அடிமுகம் சமமாக இல்லாமல் இறுக்கினால் லைனர் கோணிக்கொள்ளும், பிஸ்டன் பிடிக்கும். அது பட்டறையின் பொறுப்பு. புது ஹெட் என்ற யோசனையின் குற்றமல்ல.

1947-இல் அமெரிக்காவின் ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த க்ளோ பிளக்கை நம்பி ஓடும் எஞ்சின்களின் கதை வேறு. அங்கே ஹெட்டின் உட்குழிவே எரியறையின் கூரை. 15 மில்லிமீட்டர் உள்விட்டம், 14 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கொண்ட ஒரு 2.5 சிசி எஞ்சினின் அழுத்த விகிதத்தைப் பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஹெட்டுக்கு அடியில் 0.2 மில்லிமீட்டர் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) ஒன்றைக் கூடுதலாகச் செருகினால் விகிதம் ஒன்பதுக்குச் சரிந்துவிடும். நிறுத்தி வைத்த எஞ்சினில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, பறக்கையில் தெரியும். ஏனென்றால் கண்ட்ரோல் லைன் சாகச விமானத்தில் பொதுவாக த்ராட்டில் கிடையாது. கையில் இருக்கும் இரண்டு கம்பிகளும் வால் சிறகை ஏற்றி இறக்க மட்டுமே. ஃபாக்ஸ் 35 போன்ற பழைய எஞ்சின்களைக் கலவையைச் சற்றுக் கனமாக வைத்து ஓட்டினால், நேர்ப்பறப்பில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும். மூக்கு மேலேறிச் சுமை கூடியதும் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். சமநிலைக்கு வந்ததும் பழையபடி தணியும். த்ராட்டிலின் வேலையை எஞ்சின் தானே பார்த்துக்கொள்கிறது. இதற்குக் கைகொடுப்பவற்றில் ஒன்று அந்தக் காலத்து ஹெட்டின் குறைந்த அழுத்தம். அழுத்தத்தை ஏற்றி, விளிம்பில் கலவையை நடுவுக்கு நெருக்கித் தள்ளும் ஸ்க்விஷ் பட்டையும் வைத்த நவீன ஹெட்டை அதன் தலையில் மாட்டினால், எஞ்சின் வேகம் பிடிக்கும்; பிடித்த வேகத்திலிருந்து இறங்க மறுக்கும். சக்திதான் வேண்டுமென்றால் இன்று மின்மோட்டார் இருக்கிறது, உலகப் போட்டிகளிலேயே ஓடுகிறது. பழைய எஞ்சினைத் தேடிப் பிடிப்பவர் அதன் ஓட்டத்துக்காகத்தான் பிடிக்கிறார். அதை அழித்துவிட்டு மேம்பாடு என்பது எனக்கு விளங்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த எஞ்சின்களில் பலவற்றை அவற்றின் ஊரில் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓட்டினார்கள். இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. க்ளோ எரிபொருளின் அடிப்படையான மெத்தனாலை வைத்திருக்கவே தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும், கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கெடுபிடியும் கூடியிருக்கிறது. நைட்ரோ இல்லாத வெறும் மெத்தனாலில் பழைய ஹெட் மந்தமாகத்தான் ஓடும், எனவே அழுத்தத்தைச் சற்று உயர்த்துவது சீர்திருத்தமல்ல, ஈடுகட்டல் என்பார்கள். நியாயமே. ஆனால் ஈடுகட்டுவதற்கு ஷிம்மை எடுத்தோ மெலிதாக்கியோ பார்த்தால் போதும். பிடிக்காவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். உட்குழிவின் வடிவத்தையே மாற்றிய ஹெட்டில் அந்த வசதி இல்லை. வடிவம் மாறுவதும் பெரும்பாலும் யோசித்துச் செய்வதல்ல, லேத்தின் வசதிக்காக நேர்வது. பழைய எஞ்சின்களின் பிஸ்டன் தலையில் ஒரு தடுப்பு மேடு இருக்கும். அதற்கு இடம்விட ஹெட்டில் ஒரு பக்கமாகப் பள்ளம் வேண்டும். லேத் வட்டமானதை மட்டுமே கடையும். ஒருபக்கப் பள்ளத்துக்கு மில்லிங் தேவை, கூலி கூடும். ஆகவே மொத்தக் குழிவையும் வட்டமாக ஆழப்படுத்திக் கொடுத்துவிடுகிறார்கள். ஃபின்கள் அசல் மாதிரியே பளபளக்கும், மெக்காய் எஞ்சினின் சிவப்புச் சாயம்கூடத் தத்ரூபமாக வந்துவிடும். உள்ளே இருப்பதோ வேறு எஞ்சின்.

அசலே வேண்டும் என்பவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. காக்ஸ் 0.049 எஞ்சினில் பிளக்கின் இழையும் ஹெட்டும் ஒரே துண்டு. இழை கருகினால் ஹெட்டையே தூக்கிப்போட வேண்டும் என்பது அதைச் செய்தவர்களே வகுத்த ஏற்பாடு. தேயும் பொருளாகப் பிறந்த ஒன்றைக் கோயில் சிலை மாதிரி காப்பதில் என்ன அர்த்தம்? தனிப் பிளக் மாட்டும்படி கடைந்த ஹெட் அதற்குப் போட்டால் எஞ்சின் பிழைக்கும், உட்குழிவு ஒத்திருக்கும்வரை. ஒத்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, பிளக் துளை வழியாக ஊசிக்குழலில் எண்ணெய் விட்டு அளந்தால் அறையின் கொள்ளளவு தெரிந்துவிடும். க்ளோ எஞ்சினுக்கு ஹெட் கடைந்து தருபவர் அந்த ஓர் எண்ணையாவது அதன் மேல் பொறித்துத் தர வேண்டும். வாங்குபவரும் அசல் ஹெட்டைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாமல் எஞ்சினோடு சேர்த்து வைக்கலாம். ஃபின் நொறுங்கி மரை போன பிறகும், அடுத்த முறை கடைவதற்கான அளவுகள் அதன் குழிவில்தான் இருக்கின்றன.