அரை நாள் கணக்கு

சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்த எவரிடமும் பால் கிரஹாம் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'மேக்கர்ஸ் ஷெட்யூல், மேனேஜர்ஸ் ஷெட்யூல்' என்று உடனே பதில் வரும். 2009 ஜூலையில் அவர் எழுதிய சின்னக் கட்டுரை. இன்னும் வேதவாக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. வேதவாக்கு என்றாலே கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும், இல்லையா?

விஷயம் எளிது. நிர்வாகியின் நாள் ஒரு மணி நேரத் துண்டுகளாக நறுக்கப்பட்டது. பத்து மணிக்கு ஒருவர், பதினொன்றுக்கு இன்னொருவர். ஆனால் புரோகிராம் எழுதுகிறவருக்கும் கதை எழுதுகிறவருக்கும் குறைந்தபட்ச அலகு அரை நாள். நடுவில் ஒரு மீட்டிங் விழுந்தால் மத்தியானமே காலி. 'மூணு மணிக்கு ஆள் வரார்' என்று தெரிந்துவிட்டால், ஒன்றரை மணிக்குக் கஷ்டமான வேலை எதையும் எடுக்க மனசு வராது. உங்களுக்கே தெரியும்.

கிரஹாம் அனுபவஸ்தர். 1995-ல் ராபர்ட் மாரிஸுடன் சேர்ந்து வயாவெப் ஆரம்பித்து, 1998-ல் யாஹூவுக்கு விற்றவர். 2005-ல் ஒய் காம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர். கம்பெனி நடத்திய நாளில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் விடிகாலை மூன்று வரை புரோகிராம் எழுதுவாராம். அப்புறம் தூங்கி, பதினோரு மணிக்கு எழுந்து, மறுபடி ராத்திரி சாப்பாடு வரை வியாபாரம். ஒரே நாளுக்குள் இரண்டு நாள்!

பிரமாதம்தான். ஆனால் காலை ஏழரைக்குக் குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டியவருக்கு இது எப்படி சரிப்படும்? அந்தப் பதினோரு மணித் தூக்கம் அவருக்குக் கிடையாது. வீட்டில் வேறு யாரோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டால்தான் கிடைக்கும். அந்த யாரோ கட்டுரையில் வருவதே இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. கட்டுரை முழுக்க, சந்திப்பு என்றாலே தொந்தரவு. பெரிய ஆபீஸில் சம்பளத்துக்கு புரோகிராம் எழுதுகிறவருக்கு அது சரி. புதுக் கம்பெனி முதலாளிக்கு? அவர் செய்கிறவர், விற்கிறவர், கணக்குப்பிள்ளை எல்லாமே. வாடிக்கையாளருடன் பேசும் ஒரு மணி நேரம், எழுத வேண்டாத ஒரு மாச புரோகிராமை மிச்சப்படுத்தலாம். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வது வெளியிலிருந்து பார்த்தால் தவம் மாதிரி இருக்கும். பல சமயம் அது, யாராவது 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

இதற்கு மறுப்பு கிரஹாமிடமே இருக்கிறது. 2013-ல் எழுதிய 'டு திங்ஸ் தட் டோன்ட் ஸ்கேல்' கட்டுரையில், வாடிக்கையாளரை நீயே போய்த் தேடிப் பிடி என்கிறார். ஏர்பிஎன்பி ஆரம்பித்தவர்கள் நியூயார்க்கில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஸ்ட்ரைப்காரர்கள் 'லிங்க் அனுப்பறோம்' என்று சொல்லாமல், எதிராளியின் லேப்டாப்பை வாங்கி அங்கேயே எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தார்கள். முதல் கட்டுரையை மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் முதல் கட்டுரையில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? இரண்டு. ஒன்று, அரை நாள் என்ற அலகு. இன்னொன்று, சந்திப்புகளையெல்லாம் சேர்த்து வேலை நாளின் கடைசியில் வைக்கும் அவருடைய உபாயம். எதையும் உடைக்காது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறு நீங்கலாக வாரத்தில் 12 அரை நாள். ஐந்து, செய்வதற்கு. நாலு, வாடிக்கையாளருக்கு. ஒன்று, ஜிஎஸ்டி, பில், சம்பளம். மீதி இரண்டை எதற்கும் ஒதுக்காதீர்கள். சர்வர் படுத்துவிடும், அம்மாவுக்குக் காய்ச்சல் வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதை கிரஹாம் அந்தக் கட்டுரையில் போடவில்லை. பாங்கில் 12 லட்சம், மாசச் செலவு ஒன்றரை லட்சம், வரவு இன்னும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதம் தாங்கும். அதாவது சுமார் 34 வாரம். இந்த வாரம் அந்த 34-ல் ஒன்று. தெரிந்துகொண்டால் எந்த மீட்டிங்குக்குப் போகலாம், எதற்கு 'ஸாரி' சொல்லலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

கட்டுரை இலவசமாகவே கிடைக்கிறது. கால் மணி நேரத்தில் படித்துவிடலாம். இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் மட்டும் படிக்காதீர்கள்.