பிக்கர் தொமஸின் வழக்கு

றிச்சாட் றைற் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நேற்றிவ் சன்’ என்னும் அமெரிக்க நாவலைப் படித்தோரிற் பலர், அதன் முதலிரு பாகங்களைப் புகழ்ந்துவிட்டு மூன்றாம் பாகத்தைக் குறைகூறுவர். வழக்கறிஞர் மக்ஸ் நீதிமன்றத்தில் நிகழ்த்தும் நீண்ட உரை வெறும் பிரசாரம் என்பதே அவர்தம் முறைப்பாடு. இதிற் சிறிது உண்மை உண்டு. ஆயினும் இலினோய் மாநிலத்துக் குற்றவியற் சட்டம் அக்காலத்தில் இயங்கிய முறையைச் சற்றே அறிந்துகொண்டு அப்பாகத்தை மீண்டும் படிப்போர்க்கு, அவ்வுரைக்கு அங்கன்றி வேறிடம் இல்லை என்பது புலனாகும்.

சிக்காகோ நகரின் தென்பகுதியில், எலிகள் உலாவும் ஒற்றை அறையில் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் வாழும் இருபது வயதுக் கறுப்பு இளைஞன் பிக்கர் தொமஸ். டால்ற்றன் என்னும் செல்வர் வீட்டிற் சாரதியாகச் சேர்ந்த முதல் இரவிலேயே, மதுமயக்கத்திலிருந்த அவர் மகள் மேரியை அவளது அறைக்குத் தூக்கிச் செல்ல நேர்கிறது. அவ்வேளை கண்பார்வையற்ற தாய் உள்ளே நுழைகிறாள். வெள்ளைப் பெண்ணின் அறையில் தான் அகப்பட்டால் நேரக்கூடியதை எண்ணி நடுங்கியவன், மேரி குரலெழுப்பாதிருக்கத் தலையணையால் அவள் முகத்தை அழுத்துகிறான். அவள் மூச்சடங்கி இறக்கிறாள். பின்னர் உடலை வீட்டு உலையில் எரித்துவிடுகிறான்.

இது கொலையா? கொல்லும் எண்ணமின்றி நேரும் மரணத்தைக் கொலையினின்றும் வேறுபடுத்தும் வழக்கம் நமது சட்டத்திற் போலவே இலினோய்ச் சட்டத்திலும் இருந்தது. நாம் கைமோசக் கொலை என்பதை ஒத்த ஒரு குற்றம் அங்கும் உண்டு. அதற்கு மரணதண்டனை இல்லை. ஆனால், வேறொரு பாரதூரமான குற்றத்தைப் புரியும் நோக்கோடு இயங்குகையில் மரணம் நேரின், எண்ணம் இல்லாதபோதும் அது கொலையாகவே கொள்ளப்படும். அரச வழக்குத்தொடுநர் பக்லி பாலியல் வல்லுறவுக் குற்றச்சாட்டை விடாப்பிடியாகப் பற்றிநிற்பதன் சட்டப் பொருள் இதுவே. அது நிகழவில்லை என்பதை வாசகர் அறிவர். உடல் எரிந்துபோனமையால் அதனை நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. பத்திரிகைகளின் வெறிக்குத் தீனியிடும் அக்குற்றச்சாட்டே, தற்செயல் என்னும் எதிர்வாதத்தின் கதவுக்குத் தாழ்ப்பாளும் ஆகிறது.

எஞ்சும் எதிர்வாதங்களும் பயன்படா. மேரி அவனைத் தாக்கவில்லை. ஆகவே தற்காப்பு என்னல் இயலாது. சித்தசுவாதீனமின்மை எனின் வழக்கு யூரர் முன் செல்லும். வெளியிலோ கூட்டம் அவன் உயிரைக் கேட்டு நிற்கிறது. எனவே மக்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையைத் தணிக்கும்படி நீதிபதியிடம் மட்டும் மன்றாடுகிறார். சாட்சி எவரையும் அழையாது தாமே அவனுக்காகச் சாட்சி கூறுகிறார். வீட்டுவாடகையும் வேலையின்மையும் அச்சமும் ஒரு மனிதனை எவ்வாறு ஆக்கின என்பதைச் சட்டம் காதுகொடுத்துக் கேட்கக்கூடிய ஒரேயொரு இடைவெளி இத்தணிப்பு வாதமே. அதனுள் ஓர் இனத்தின் வரலாற்றையே திணிக்க முயல்பவரின் பேச்சு நீளாமல் என்செய்யும்?

நாவலிற் கருத்து தலைகாட்டியதும் கலை போயிற்று என்று ஓலமிடும் நம் விமர்சகர் சிலர், இதற்கு முன்வரும் மரண விசாரணையைக் கவனிப்பதில்லை. பிக்கர் குடும்பம் வாடகை செலுத்தும் அறை, டால்ற்றனுக்குப் பெரும்பங்குள்ள நிறுவனத்தின் சொத்து என்பதை மக்ஸ் அவர் வாயாலேயே வெளிக்கொணர்கிறார். கறுப்பருக்கு ஏன் கூடிய வாடகை என்ற வினாவுக்கு அந்த வள்ளலிடம் விடையில்லை. கறுப்பு இளைஞர்க்குப் பிங்பொங் மேசைகளை வழங்கியவர் அவர். இங்கே பிரசாரம் இல்லை. குறுக்குவிசாரணை மட்டுமே உண்டு. நாவலின் மிகச் சிறந்த நீதிமன்றக் காட்சி எனின் நான் இதனையே சுட்டுவேன்.

மக்ஸ் கைக்கொண்ட வழி சிக்காகோவுக்குப் புதிதன்று. 1924இல் லோப், லியோபோல்ட் என்னும் இரு செல்வக்குடி இளைஞர் 14 வயதுச் சிறுவனொருவனைத் திட்டமிட்டுக் கொன்று, 10,000 டொலர் மீட்புப்பணமும் கேட்டனர். அவர்களுக்காகத் தோன்றிய கிளாரன்ஸ் டாரோ இவ்வாறே யூரரைத் தவிர்த்தார். மனநோய் நிபுணர் பலரைச் சாட்சிகளாக அழைத்தார். இளவயதைப் பெரிதும் கருதிய நீதிபதி கவெர்லி அவர்களுக்கு ஆயுட்சிறையும் அதன்மேல் 99 ஆண்டும் விதித்தார். லியோபோல்ட் 1958இல் வெளியேயும் வந்துவிட்டான். றைற் இவ்வழக்கை நன்கறிந்தவர்; பிக்கர் 10,000 டொலர் கேட்டு எழுதும் கடிதத்துக்கு அதுவே தூண்டுதலாயிற்று என்று கதையிலேயே காட்டுகிறார். அதே மாநிலம், அதே ஒப்புதல், இளமை என்ற அதே வாதம். பிக்கருக்குக் கிடைப்பதோ மின்சார நாற்காலி.

ஆயினும் மக்ஸின் வாதத்தில் ஒரு பெருங்குறையுண்டு. அது பேச்சின் நீளமன்று. தப்பியோடுகையில் பிக்கர் தன் காதலி பெஸியை, அவள் உறங்கும்போது, காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று எண்ணிச் செங்கல்லால் அடித்து, காற்றுக்குழி வழியே வீசிவிடுகிறான். எண்ணி இழைத்த கொலை எதுவெனச் சட்டத்தைக் கேட்பின் இதனையே அது காட்டும். ஆனால் இதற்காக அவன் தண்டிக்கப்படவில்லை. மரண விசாரணையிற் பெஸியின் உடலை உருட்டிவந்து நிறுத்துவது, மேரியை அவன் என்ன செய்திருப்பான் என்று காட்டுவதற்கே. கறுப்புப் பெண்ணின் பிரேதம் வெறும் சான்றுப்பொருள். இதனைப் பிக்கரே உணர்கிறான். றைற்றும் உணர்ந்து எழுதுகிறார். இலட்சோப இலட்சம் ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசும் மக்ஸ் மட்டும், அவ்வளவு நீண்ட உரையிற் பெஸிக்கு ஒதுக்குவது சில சொற்களையே.