மூலமும் உரையும்: வீரமாமுனிவரின் ‘வேதவிளக்கம்’ குறித்து

வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணியை நினைக்கிறோம், சதுரகராதியைப் போற்றுகிறோம், பரமார்த்த குருவையும் அவர்தம் சீடர்களையும் எண்ணிச் சிரிக்கிறோம். 1728-இல் அவர் எழுதிய ‘வேதவிளக்கம்’ என்னும் உரைநடை நூலை எடுத்துப் படிப்பவர் மிகச் சிலரே. தமிழ் உரைநடையின் வளர்ச்சியைக் கூறும் நூல்கள் அதன் பெயரைத் தவறாது குறிப்பிடுகின்றன; குறிப்பிட்டதோடு கடந்தும் விடுகின்றன. இறையியல் பயில்வோரோ, அது பழைய சமயச் சண்டையின் எச்சம் என்று ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு புறக்கணிப்பும் முறையன்று என்பது நம் கருத்து. திருநூலை வாசிப்பவர் யார், அதற்குப் பொருள் கூறும் உரிமை யாருடையது என்னும் வினாவைத் தமிழில் இத்துணை நேராக எதிர்கொண்ட பழைய கத்தோலிக்க நூல்கள் அரியவை.

நூல் பிறந்த சூழலை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அச்சிட்டார். அவருக்குப்பின் சூல்ச்சு எஞ்சிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தார்; வேதவிளக்கம் தோன்றிய அதே 1728-ஆம் ஆண்டில் அவ்வச்சு வேலையும் நிறைவெய்தியது. இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழகத்தில் ஏலாக்குறிச்சியையும் கோணான்குப்பத்தையும் தம் இருப்பிடமாக்கிக்கொண்ட சேசுசபைத் துறவியோ ஓலையிலும் கைப்படியிலும் எழுதிக்கொண்டிருந்தார். 1578-இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தை அச்சேற்றிய கத்தோலிக்க மரபுக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து இந்தத் தமிழ்நாட்டில் ஓர் அச்சுக்கூடம் வாய்க்கவில்லை. எதிரணியிடம் அச்சும் முழு விவிலியமும் இருந்தன; முனிவரிடம் தமிழ் இருந்தது.

அத்தமிழைக்கொண்டே அவர் போரிடுகிறார். தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் நடையை அவர் எள்ளி நகையாடுவது வேதவிளக்கத்தில் நன்கு அறியப்பட்ட பகுதி. இறைவனின் சொல்லைப் பிழைமலிந்த தமிழில் உடுத்துவது அச்சொல்லையே சிறுமைப்படுத்துவதாகும் என்பது அவர் ஆத்திரத்தின் வேர். அவர் குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யென்று யாரும் கூறிவிட முடியாது. பின்னாளில் பப்ரிசியுசு அதே மரபில் நின்று மீண்டும் மொழிபெயர்க்க முனைந்ததே அதற்குச் சான்று. எனினும் இந்த நகைப்பை மட்டும் எடுத்துச் சுவைத்துவிட்டு நூலை மூடிவிடுவது முனிவருக்கு நாம் செய்யும் நன்மை அன்று. நடைபற்றிய வழக்கின் கீழே வேறொரு வழக்கு இருக்கிறது.

அவ்வழக்கை இப்படிச் சுருக்கலாம். திருத்தூதர்கள் முதலில் போதித்தார்கள். எழுத்து பிறகே வந்தது. நற்செய்தி நூல்கள் எழுதப்படும் முன்பே திருமுழுக்கும் அப்பம் பிட்குதலும் இருந்தன. எந்த நூல் இறைஏவுதலால் ஆனது, எது அன்று என்பதை எந்த நூலும் தானே பட்டியலிட்டுச் சொல்லவில்லை, சொன்னது திருச்சபை. திரிதெந்து பொதுச்சங்கம் 1546-இல் அப்பட்டியலை உறுதிசெய்தபோது, எழுதப்பட்ட நூலையும் திருத்தூதர் வழிவந்த மரபையும் ஒருங்கே போற்றியது இதனால்தான். நூலைத் தந்த கையை உதறிவிட்டு நூலை மட்டும் பற்றிக்கொள்வது எங்ஙனம்? வேதவிளக்கம் காலூன்றி நிற்கும் நிலம் இது. இந்த வாதம் இன்றும் வலிமை குன்றாதது என்றே நாம் கருதுகிறோம்.

தமிழ் வாசகனுக்கு இது அயலான வாதமும் அன்று. காஞ்சியிலிருந்து வாலாசாபாத்து வழியே செங்கற்பட்டுக்குச் செல்லும் சாலையில் பாலாற்றங்கரையில் உள்ளது பழையசீவரம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் அதன் எதிர்க்கரையில் இருக்கிறது. பொங்கலையொட்டிக் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் ஊர் இது. அவ்வைணவ மரபில் ஆழ்வார் பாசுரங்கள் ஆசாரியர்களின் வியாக்கியானத்தோடு சேர்ந்தே கற்கப்படுகின்றன. பாசுரத்தைத் தனியே எடுத்து மனம்போனபடி பொருள் கொள்வதை அம்மரபினர் ஏற்பதில்லை. திருக்குறளுக்கோ பதின்மர் உரை உண்டென்பர். அவர்களுள் தலைசிறந்தவராகப் போற்றப்பெறும் பரிமேலழகர் காஞ்சியைச் சார்ந்தவர் என்பது வழிவழிச் செய்தி. ஆக, நூல் என்றால் உரையும் உடன்வரும், உரை என்றால் அதை வழங்கும் ஆசிரிய வழியும் உடன்வரும் என்பது இம்மண்ணில் வாழ்வோர் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத உண்மை. எத்தியோப்பிய அரச அலுவலர் தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது பிலிப்பு அருகே சென்று, வாசிப்பது விளங்குகிறதா என வினவியதும், வழிகாட்ட ஒருவரின்றி எப்படி விளங்கும் என அவர் விடையிறுத்ததும் நம் உரையாசிரியர்களுக்கு நன்கு புரியும் காட்சிதான்.

ஆனால் அந்த ஒப்புமையை முழுதும் நீட்டிப் பார்த்தால் முனிவரின் அணி நின்ற இடத்தின் குறையும் தெரியும். பரிமேலழகர் குறளை முன்வைத்துவிட்டே உரை எழுதினார். மணக்குடவரோடு அவர் மாறுபடும் இடத்தில் குறளை நாமே பார்த்து இருவரையும் எடைபோட முடிகிறது. மூலம் கண்முன் நிற்பதால் உரைக்கு இழுக்கில்லை, பெருமையே. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கத்தோலிக்கரின் கையில் இருந்ததோ மூலம் இல்லாத உரை! மந்திரங்களும் ஞானோபதேசமும் புனிதர் வரலாறுகளும் நிறைய இருந்தன. தொடர்ந்து வாசிக்கத்தக்க நற்செய்தி நூல் இல்லை. 1564-ஆம் ஆண்டின் விதி, மக்கள் மொழியில் விவிலியம் வாசிக்க மேலிடத்து இசைவை வேண்டியது. அவ்விதியின் காலத்தில் வளர்ந்த துறவியை அதற்காகக் குறைகூறுதல் தகாதுதான். ஆயினும் நம் ஆதங்கம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கெட்ட மொழிபெயர்ப்புக்கு மறுப்பு நூல் விடையாகாது; நல்ல மொழிபெயர்ப்பே விடையாகும். 3615 விருத்தங்களில் சூசையப்பரின் வரலாற்றைப் பாடி, அதற்குத் தாமே உரையும் வகுத்த பெரும்புலவர், மத்தேயுவையோ லூக்காவையோ தமிழில் தந்திருந்தால் அது எத்தகைய தமிழாக இருந்திருக்கும்! அதே காலத்தில் இலங்கையில் கோவாவைச் சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் ‘சுவிசேட விரித்துரை’ எழுதி, நற்செய்திப் பகுதிகளையும் விளக்கத்தையும் சேர்த்துத் தமிழரிடம் தந்தார். வழி அடைபட்டுக் கிடக்கவில்லை என்பதற்கு அது போதும். கத்தோலிக்கத் தமிழருக்குத் திரிங்கால் அடிகளின் புதிய ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கிடைத்தது.

வேதவிளக்கத்தில் இன்று பழையதாகிப்போனது அதன் பகைமொழி. லூத்தரன் சபையினரோடு உரோமை 1999-இல் ஆக்சுபர்க்கில் ஏற்புடைமை பற்றிய பொது அறிக்கையில் ஒப்பமிட்டுவிட்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இருசாரார் உழைப்பும் கலந்திருக்கிறது. வசைச்சொற்களை வரலாற்றுக்கு விட்டுவிடலாம்.

அதிகாரம் பற்றிய பகுதி அப்படி விட்டுவிடக்கூடியதன்று. முனிவர் திருச்சபையின் ஆணையைப் பிறருக்கு எதிராக நிலைநாட்டினார் என்பது நூலில் தெரிவது. அதே ஆணை அவர் சார்ந்த மதுரை மிசியோனையே நெருக்கிக்கொண்டிருந்தது என்பது நூலுக்கு வெளியே தெரிவது. தத்துவபோதகர் 1606-இல் மதுரையில் தொடங்கிய முறைகள்மேல் எழுந்த வழக்கில் 1623-இல் பதினைந்தாம் கிரகோரியார் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1704-இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரியில் சில மாதங்களே தங்கியிருந்த துர்னோன் ஆண்டகை வேறுவிதமாகத் தீர்த்தார். தாலியில் பிள்ளையார் உரு கூடாது, திருமணத்தில் தேங்காய் உடைத்தல் கூடாது என்பன போன்ற தடைகள் அவ்வாணையில் பல. நாட்டு வழக்கம் அறியாதவர் விதித்த தடைகள் என்று மறைப்பணியாளர் முறையிட்டதில் நியாயம் உண்டு. முறையீடுகள் நாற்பது ஆண்டுகள் நீண்டன. 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதி முடிவுரைத்தார். மூன்றாண்டில் முனிவர் மறைந்தார். வேதவிளக்கம் எழுதப்பட்டது அவ்வழக்கின் நடுவில். கீழ்ப்படிதலைப் போதித்தவர் அதன் கசப்பையும் அறிந்தவர். இதை நினைவில் வைத்து வாசித்தால் நூலின் அதிகாரக் குரல் வேறாகவே ஒலிக்கிறது.

அவ்வாணையில் ஒரு பிரிவு உண்டு. நோயுற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரின் வீட்டிற்குக் குருவானவர் தாமே சென்று அருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்பது அது. உயர்சாதியாரிடையே பணிசெய்த குருக்கள் அவ்வீட்டு வாசலை மிதித்தால் மற்றவர் விலகிவிடுவர் என்ற அச்சம் அன்று இருந்தது. விலக்குக் கேட்டது அந்த அச்சமே. ஊரறிந்தவர்களின் நுண்ணிய உரை ஒருபுறம். தொலைவிலிருந்து வந்தவரின் ஆணை மறுபுறம். தேங்காய் பற்றிய விதியில் உள்ளூர் உரையே சரி என்போம். நோயாளியின் வீட்டு வாசலைப் பொறுத்தவரை, நற்செய்தியின் மூலத்தோடு ஒத்துநின்றது மேலிட ஆணைதான். அதிகாரம் என்றாலே எளியோரை அழுத்துவது என்று எண்ணுவோர் இதைக் கருதிப் பார்க்கவேண்டும். அதிகாரம் என்றும் தவறாது என்று எண்ணுவோரோ அடுத்து நடந்ததைப் பார்க்கவேண்டும்: 1744-இல் கண்ட தீர்வு, ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை ஏற்படுத்துவதை ஏற்றுக்கொண்டது. ஒரே மந்தைக்கு இருவகை மேய்ப்பர்! வீட்டுக்குச் செல்லும் கடமை காக்கப்பட்டது, பிரிவினையும் காக்கப்பட்டது. 2003-இல் தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல், கிறித்தவரிடையே சாதிப் பாகுபாடு கூடாதெனக் கண்டித்ததும், 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றலாக்கத்திற்கென ஒரு கொள்கையறிக்கையை வெளியிட்டதும் அந்தப் பழைய கணக்கு தீராதிருந்தமையால்தான்.

அந்தியோக்கியாவில் கேபா பிற இனத்தாரோடு உண்பதிலிருந்து விலகியபோது பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்ததைக் கலாத்தியர் திருமுகம் மறைக்கவில்லை. அதைத் திருநூற் பட்டியலில் சேர்த்ததும் கேபாவின் வழிவந்த அதே திருச்சபை. தன்னைக் கண்டித்த எழுத்தையே இறைவாக்கென அறிவித்த ஓர் அதிகாரம் வேறெங்கும் உண்டோ என நாம் அறியோம். 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18-இல் வெளிவந்த இறைவெளிப்பாடு பற்றிய சங்க ஏடு, ஆசிரியப் பணி இறைவாக்குக்கு மேற்பட்டதன்று, அதற்குப் பணிபுரிவது எனத் தெளிவுபடுத்தியது. கிறித்துவ மக்கள் அனைவருக்கும் திருநூல் எட்டும்படி செய்யவேண்டும் என்றும் அது பணித்தது. 1728-இன் வாதத்தில் விடுபட்ட பாதி இதுவே.

2002-இல் உருவான செங்கற்பட்டு மறைமாவட்டத்தில், பழையசீவரம் போன்ற பாலாற்றங்கரைச் சிற்றூர்களை எண்ணிப் பார்ப்போம். இத்தகைய ஊர்களில் முற்காலத்தில் குருவானவர் ஆண்டில் சிலமுறையே வருவார். மற்ற நாள்களில் திருச்சபையின் குரல் என்பது வேதியரின் குரலே. முனிவர் 1727-இல் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியது அவர்களுக்காகத்தான். வேதவிளக்கத்தின் முதல் வாசகரும் அவர்களே என்று கொள்வதில் பிழையிராது: எதிர்ப்படுவோர் அச்சிட்ட நூலைக் காட்டிக் கேள்வி கேட்கையில் மறுமொழி சொல்லவேண்டியவர்கள் அவர்கள். இன்று வேதியர் இடத்தில் அன்பியக் கூட்டம் இருக்கிறது. மூலம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. இம்முறை தட்டுப்பாடு நல்ல உரைக்கு. கைப்பேசியைத் திறந்தால் திருவெளிப்பாட்டுக்கு நாளொரு விளக்கம், போருக்கொரு முன்னறிவிப்பு. சொல்பவர் யார், யாரிடம் கற்றார், யாருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர் என்று கேட்பாரில்லை. இவ்விடத்தில் பழைய முனிவர் நமக்கு மீண்டும் தேவைப்படுகிறார்.

தேவைப்படும் வடிவில் அவர் கிடைக்கவேண்டும். சர்வேசுரன், இசுபிரீத்துசாந்து போன்ற வழக்குகள் இளைஞருக்கு அயற்சொற்களாகிவிட்டன. சொல்லடைவும் குறிப்பும் இன்றி நூலை அவர்கள் கையில் கொடுப்பதில் பயனில்லை. முனிவர் எந்த வரிகளை மறுக்கிறாரோ அந்தத் தரங்கம்பாடி வரிகளையும் எதிர்ப்பக்கத்தில் அச்சிட்டு, இருதரப்பையும் வாசகர் ஒப்புநோக்கும்படி ஒரு பதிப்பு வரவேண்டும். எதிர்த்தரப்பினருக்கு இதில் மனத்தாங்கல் வருமோ என ஐயுறத் தேவையில்லை; முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் தங்கள் அச்சுக்கூடத்தில் அச்சிட்டு உலகுக்குத் தந்தவர்கள் தரங்கம்பாடி லூத்தரன் சபையினரே.