அசையாதிருக்கும் ஒரு மணி நேரம்

பர்மாவில் அக்கவுண்டன்ட் ஜெனரலாக உத்தியோகம் பார்த்துக்கொண்டே இரங்கூனில் தியானம் போதித்தவர் ஊ பா கின். கொடிய ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசியன்றி வேறு நிவாரணம் காணாத வியாபாரி கோயங்கா, 1955-இல் அவரிடம் பயின்று, 1969-இல் பாரதத்துக்குக் கொணர்ந்த விபஸ்ஸனா எனும் பௌத்தத் தியானப் பயிற்சியில், என் மனத்தை மிகக் கவர்வது அதிட்டானம் என்னும் அசையா அமர்வே.

ஒரு மணி நேரம் கைகால்களை மாற்றாமல், கண்ணைத் திறவாமல் இருக்கையில், முழங்காலில் எழும் வேதனையை வெறுக்காமல் உற்று நோக்குபவருக்கு, கல்லாய்க் கனத்த அந்த ஒரே வலி, சூடாகவும் துடிப்பாகவும் குத்தலாகவும் பிரிந்து, கணந்தோறும் மாறுவது பிரத்தியட்சமாகிறது. உடல் நோவு உடனே ஒழிவதில்லை. அதன்மேல் மனம் ஏற்றிவைக்கும் வெறுப்பும் அச்சமுமே தளர்கின்றன.

மருந்தை விலக்கச் சொல்லும் வித்தையன்று இது. துன்பத்தை எதிர்கொள்ளப் பௌத்தம் மனிதனுக்கு அளித்த கொடைகளில் இதனினும் பயனுள்ளது பிறிதில்லை என்பேன்.