இணைப்பு இருக்கிறது, சான்று எங்கே?

ஜொகூர் வரலாற்றை ஆராய்பவர்கள் ரிச்சர்டு வின்ஸ்டெட்டைத் தவிர்க்க முடியாது. அவர் எழுதிய ஜொகூர் வரலாறு, ராயல் ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் 1932-இல், 10ஆம் தொகுதியின் 3ஆம் பகுதியாக வெளிவந்தது. இன்று ஸ்கூடாயிலோ பத்து பகாட்டிலோ படிக்கும் மாணவர் அதை ஜேஸ்டோர் தரவுத்தளத்தில் நொடியில் திறந்துவிடுகிறார். சிக்கல் அடிக்குறிப்பில்தான் தொடங்குகிறது. திரையில் தெரியும் முகவரியை அவர் அப்படியே எடுத்து ஒட்டுகிறார். பல சமயம் அது பல்கலைக்கழக நூலகத்தின் உள்நுழைவு வழியாகச் செல்லும் முகவரி. கடவுச்சொல் இல்லாதவருக்கு அது பூட்டிய கதவு.

மேற்கோள் காட்டும் முறைகளில் ஒன்றான ஏபிஏ கையேட்டின் 7ஆம் பதிப்பு, பரவலாகக் கிடைக்கும் கட்டுரைகளுக்குத் தரவுத்தளத்தின் பெயர் தேவையில்லை, கட்டுரைக்குரிய நிலையான அடையாளமான டிஓஐ எண் இருந்தால் அதைத் தந்தால் போதும் என்கிறது. எம்எல்ஏ என்ற இன்னொரு மேற்கோள் முறையோ தளத்தின் பெயரையும் கேட்கிறது. வின்ஸ்டெட் விஷயத்தில் ஏபிஏ சொல்வதே சரி. தொகுதி, பகுதி, பக்கம் மூன்றும் இருந்தால், அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருப்பவரும் அதே வரியைக் கண்டுபிடித்துவிடுவார்.

பழைய நாளிதழ்களுக்கு வந்தால் நியாயம் எம்எல்ஏ பக்கம் சாய்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்னாக்கத் தொகுப்பில் தமிழ் முரசைப் படிப்பவர் பார்ப்பது பக்கத்தின் படத்தைத்தான். எழுத்து மங்கியிருக்கலாம், ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம். எந்தத் தொகுப்பில் பார்த்தார் என்பதைச் சொல்வதே நேர்மை. நாளும் பக்க எண்ணும் அதோடு கட்டாயம் வேண்டும்.

இணையத்தில் மட்டுமே வெளியாகும் செய்திகளின் நிலை இன்னும் மோசம். தி மலேசியன் இன்சைடர் செய்தித் தளம் 2016 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் செய்திகளை வெறும் முகவரியாகக் குறித்தவர்களின் ஆய்வேடுகளில் எஞ்சியவை செத்த இணைப்புகள். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே சுமார் பாதி இணைப்புகள் மூலச் செய்திக்கு இட்டுச் செல்லவில்லை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014-இல் எழுதினார்கள். பலரும் தவறாமல் சேர்க்கும் 'பார்த்த நாள்' இந்த இழப்பைத் தடுக்காது. பக்கத்தை, இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காக்கும் இண்டர்நெட் ஆர்க்கைவில் சேமித்து, அந்த முகவரியையும் தரும் வழக்கம் இங்கே வேரூன்ற வேண்டும்.

இன்னொரு குறை தமிழர்களை நேரடியாகத் தொடுகிறது. ஏபிஏ, எம்எல்ஏ இரண்டுமே குடும்பப் பெயரை முன்னால் வைக்கச் சொல்கின்றன. மலேசியத் தமிழருக்கு 'த/பெ'வுக்குப் பின் வருவது தந்தையின் பெயர். மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருள் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால், மகள் எழுதிய கட்டுரை அப்பா பெயரில் பட்டியலாகிறது. அத்தகைய மென்பொருளான சொட்டேரோவில் முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் இட வசதி உண்டு. நூலகப் பயிற்சிகளில் முதல் நாளே இதைக் காட்டித் தரலாம்.