வில்லும் செவியும்: நார்வே இசையின் இரு நூற்றாண்டுகள்

1901ஆம் ஆண்டு, இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீகுக்கு நார்வேயின் டெலமார்க் மலைப்பகுதியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் க்னூட் டாலே என்ற 67 வயது பிடில் கலைஞர். ஊர்க் கல்யாணங்களிலும் ஆட்டக் களங்களிலும் வாசித்துப் பழுத்தவர். மிலர்குட்டன் என்ற மேதையிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர். தன்னிடம் இருக்கும் பழைய மெட்டுகளை யாராவது எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் அவை தன்னோடு மண்ணுக்குள் போய்விடும் என்பதே அவர் கவலை. 1888இலேயே அவர் க்ரீகுக்கு எழுதியிருந்தார். அப்போது காரியம் நடக்கவில்லை.

இம்முறை க்ரீக் தாமதிக்கவில்லை. ஆனால் அவர் பியானோக்காரர். வில் எந்தத் தந்தியில் எப்படித் திரும்புகிறது என்பது தெரியாமல் பிடில் மெட்டை எழுத முடியாது. கிறிஸ்தியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) தேசிய நாடக அரங்கின் இசைக்குழுவை நடத்திவந்த வயலின் கலைஞர் யுஹான் ஹால்வர்சனிடம் இந்த வேலையை ஒப்படைத்தார். டாலே தலைநகருக்கு வந்தார். அவர் வாசிக்க வாசிக்க ஹால்வர்சன் கேட்டு எழுதினார். ‘ஸ்லொட்’ எனப்படும் 17 ஆட்ட மெட்டுகள் தாளில் ஏறின. அவற்றை க்ரீக் பியானோவுக்கு மாற்றினார். லைப்சிக் நகரின் பீட்டர்ஸ் நிறுவனம் 1903இல் ஹால்வர்சனின் வயலின் பிரதியையும் க்ரீகின் பியானோ வடிவத்தையும் சேர்த்தே வெளியிட்டது.

நார்வேயின் இசை வரலாற்றை வாசித்தவர்கள், பாடியவர்கள், இயற்றியவர்கள் என்ற வரிசையில் மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிப் பாதி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டவர்களுடையது. பேனாவோடு கேட்டவர்கள் முதலில் வந்தார்கள். ஒலிவாங்கியோடு கேட்டவர்கள் பின்னால் வந்தார்கள். இந்த இரு தரப்பும் சந்தித்த இடங்களிலெல்லாம் அந்நாட்டின் இசை ஒரு படி ஏறியிருக்கிறது.

டாலே கையில் இருந்தது ஹார்டாங்கர் பிடில். மேற்கு நார்வேயின் ஹார்டாங்கர் வட்டாரத்தில் பிறந்த வாத்தியம். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படும் பிடிலில் 1651 என்ற ஆண்டு காணப்படுகிறது. வில் தொடும் தந்திகள் நான்கு. அவற்றுக்கு அடியில் வில் தொடாத தந்திகள் நான்கோ ஐந்தோ. மேலே வாசிக்க வாசிக்கக் கீழே உள்ளவை தாமாக அதிர்ந்து ஒரு ரீங்காரத்தைத் தருகின்றன. சாரங்கி கேட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. உடலில் கறுப்பு மையால் கொடிக்கோலம், விரற்பலகையில் முத்துச்சிப்பி, முனையில் சிங்கத் தலை என அலங்காரமும் உண்டு. மெட்டுக்கு மெட்டு சுருதி கூட்டும் முறை மாறும். இரண்டு தந்திகளை ஒருசேர இழுத்து வாசிப்பதால் ஒற்றைப் பிடிலே ஓர் ஆட்டக் களத்தை நிறைத்துவிடும்.

இத்தனை அழகான வாத்தியத்தைச் சாத்தானின் கருவி என்று பிரசங்க மேடைகள் சொன்னதுண்டு. ஆட்டமும் குடியும் சண்டையும் பிடிலைச் சுற்றியே நடக்கின்றன என்பது போதகர்களின் கோபம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பக்தி இயக்க அலையில் பிடில்களைத் தீயிலிட்டவர்களும் உண்டு. மிலர்குட்டன் தன் ஆன்மாவை விற்று வித்தை வாங்கினார் என்று ஊரார் நம்பினார்கள். அவருடைய இயற்பெயர் தோர்கெய்ர் அவுகுன்சன், காலம் 1801 முதல் 1872 வரை. மாவரைக்கும் ஆலைக்காரரின் மகன் என்பதால் அந்தப் பட்டப்பெயர் வந்தது. அவரைத் தலைநகரின் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர், ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் தன் வயலினால் கட்டிப்போட்டிருந்த ஓலே புல். 1849 ஜனவரியில் நடந்தது அந்தக் கச்சேரி. நகரத்துச் சீமான்கள் கிராமத்து ஆட்ட மெட்டுகளை நாற்காலியில் அமர்ந்து, கலையாக மதித்துக் கேட்டார்கள். அதற்குக் காலமும் கனிந்திருந்தது. டென்மார்க்கின் கீழ் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள், பிறகு 1814 முதல் ஸ்வீடனோடு ஒரே அரசரின் கீழ் என்று இருந்த நாடு, தனக்கென்று என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த நேரம் அது. நகரத்தில் கிடைக்காதது மலையில் கிடைத்தது.

அந்தத் தேடலில் சத்தமில்லாமல் பெரும்பணி செய்தவர் லுட்விக் லிண்டமன் என்ற தேவாலய ஆர்கன் கலைஞர். 1848இல் பல்கலைக்கழக உதவித்தொகையோடு மலைப் பள்ளத்தாக்குகளுக்குள் போய், விவசாயிகளும் கிழவிகளும் பாடியவற்றை எழுதத் தொடங்கினார். 1853 முதல் அவை தொகுதிகளாக வெளிவந்தன. க்ரீகின் 17ஆம் எண் படைப்பான 25 நாட்டார் பாடல்களும் ஆட்டங்களும் லிண்டமனின் தொகுப்பிலிருந்து எடுத்தவை.

க்ரீகை இசைப் பாதைக்கு அனுப்பிவைத்தவரும் ஓலே புல்தான். 1858இல் பெர்கன் நகரத்து 15 வயதுச் சிறுவன் பியானோ வாசிக்கக் கேட்டுவிட்டு, லைப்சிக் இசைக் கல்லூரிக்கு அனுப்பும்படி பெற்றோரை வற்புறுத்தினார். ஜெர்மானியப் பயிற்சி கைக்கு வந்தது. சொந்த மண்ணின் பக்கம் திருப்பிவிட்டவர் ரிகார்ட் நூர்ட்ராக். தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த அந்த இளைஞர், 1866இல் காசநோயால் பெர்லினில் இறந்தபோது வயது 23. க்ரீக் அவருக்காக ஓர் இறுதி ஊர்வல இசையை எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1868 கோடையில், ஏ மைனர் பியானோ கான்செர்டோ பிறந்தது. மறு ஏப்ரலில் கோபன்ஹேகனில் அரங்கேறியது.

உலகம் க்ரீகை அதிகம் அறிவது இப்சனின் ‘பேர் கிந்த்’ நாடகத்துக்காக எழுதிய இசையால். 1876இல் மேடையேறிய அந்த நாடகத்தின் ‘காலைப் பொழுது’ பகுதியைக் கேட்கும் எவரும் பனி மூடிய மலையையும் கடற்கழியையும்தான் மனத்தில் காண்பார்கள். நாடகத்தில் அந்த விடியல் நிகழ்வது வட ஆப்பிரிக்காவில். இதனால் அந்த இசை குறைந்துவிடவில்லை. ஆனாலும், க்ரீகின் ஆழத்தைத் தேடுபவர்கள் போக வேண்டிய இடம் டாலேயின் 17 மெட்டுகள்தான். அவற்றில் இனிப்பு இல்லை. உரசும் சுரங்களை அவர் மழுப்பாமல் விட்டிருக்கிறார்; பியானோவின் அடிச் சுரங்களில் தாள மிதி கேட்கிறது. நார்வேயில் அவை குளிர்ந்த வரவேற்பையே பெற்றன. பாரிஸின் இளம் இசைக்கலைஞர்கள்தான் அவற்றில் ஒரு புதிய க்ரீகைக் கண்டார்கள். அவர்களின் காது அன்று சரியாகவே வேலை செய்தது.

அடுத்த தலைமுறையில் க்ரீகின் நிழலிலிருந்து வெளியே வரப் பலர் பாடுபட்டார்கள். ஃபார்டெய்ன் வாலன் சுர மையமே இல்லாத இசைக்குப் போனார். ஹாரல்ட் சேவெருட் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே 1943இல் ‘கெம்பெவிசெஸ்லொட்டன்’ என்ற எதிர்ப்புக் குரலை இயற்றினார். பாடகியரில் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் தனி உயரம். நாற்பதை நெருங்கி, மேடையை விட்டு விலகும் யோசனையில் இருந்தவர், 1935 பிப்ரவரி 2 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவில் வாக்னரின் சீக்லிண்டேயாகப் பாடினார். அந்தப் பிற்பகல் நிகழ்ச்சியை வானொலி அமெரிக்கா எங்கும் எடுத்துச் சென்றது. அதன்பின் விலகும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

கெய்ர் ட்வெய்டின் கதை மனத்தை அழுத்துவது. ஹார்டாங்கரில் தன் குடும்பப் பண்ணையில் வாழ்ந்து, அக்கம்பக்கத்து மெட்டுகளைச் சேகரித்து, அவற்றை இசைக்குழுவுக்கும் பியானோவுக்கும் எழுதியவர். ஹார்டாங்கர் பிடிலை முன்னிறுத்தி முழு இசைக்குழுவோடு இரண்டு கான்செர்டோக்கள் படைத்தவர். 1970 கோடையில் அந்தப் பண்ணையின் மரவீடு எரிந்தது. அவருடைய கைப்பிரதிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சாம்பலாயிற்று. 1981இல் இறக்கும்வரை அந்த இழப்பிலிருந்து அவர் மீளவில்லை. பிற்பாடு, ‘பால்டரின் கனவுகள்’ என்ற அவரது நாட்டிய இசையை, எஞ்சிய தாள்களையும் பழைய ஒலிப்பதிவையும் வைத்துக்கொண்டு மீட்டெடுத்தார்கள். தாள் எரிந்த பின்னும் ஒலி எங்கோ பதிந்திருந்தது.

ஒலிப்பதிவாளர் யான் எரிக் கோங்ஸ்ஹவுக் இங்கேதான் வருகிறார். போலந்துக்காரரான தந்தைக்கு நார்வேயில் பிறந்த சாக்சபோன் கலைஞர் யான் கார்பரெக், கிடார் வாசிக்கும் தெர்யே ரிப்டால், பாஸ் வாசிக்கும் ஆரில்ட் ஆண்டர்சன், டிரம்ஸ் வாசிக்கும் யோன் கிறிஸ்டென்சன் ஆகிய நால்வரும் 1970இல் ‘ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். வெளியிட்டவர் மான்ஃப்ரட் ஐகர், முந்தைய ஆண்டுதான் மியூனிக்கில் ஈசிஎம் நிறுவனத்தைத் தொடங்கியவர். பதிவு செய்தவர் கோங்ஸ்ஹவுக். அதிலிருந்து நூற்றுக்கணக்கான ஈசிஎம் இசைத்தட்டுகள் ஓஸ்லோவில் அவர் கைப்பட உருவாயின. கீத் ஜாரெட் போன்ற அமெரிக்க மேதைகள் விமானம் ஏறி அங்கே போனார்கள். ஒவ்வொரு வாத்தியத்தைச் சுற்றியும் காற்று உலவ இடம்விடும் ஓசை அது. ‘வடக்கின் ஒலி’ என்று விமர்சகர்கள் எழுதியதில் பாதி கார்பரெகின் மூச்சு என்றால், மறுபாதி கோங்ஸ்ஹவுகின் காது.

தமிழ் வாசகர்கள் தேடிக் கேட்க வேண்டிய ஒன்று கோங்ஸ்ஹவுகின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன் எல். சங்கர், தன் பத்துத் தந்தி இரட்டை வயலினோடு 1984இல் ஓஸ்லோவின் ரெயின்போ கூடத்துக்குப் போனார். கார்பரெக், ஜாகிர் உசேன், த்ரிலோக் குர்ட்டு ஆகியோரோடு அவர் பதிவு செய்த ‘சாங் ஃபார் எவ்ரிஒன்’ மறு ஆண்டு வெளிவந்தது. கர்நாடக கமகமும் வடக்கத்திய சாக்சபோனும் ஒன்றையொன்று விழுங்காமல் பேசிக்கொள்கின்றன. கலப்பிசை என்ற பெயரில் வந்த பலவற்றிலும் இந்த நிதானம் அபூர்வம்.

வெகுஜன இசையில் நார்வேக்குத் திருப்புமுனை 1985. அந்த மே மாதம் பாபிசாக்ஸ் இணை யூரோவிஷன் பாடல் போட்டியில் வென்றது, நாட்டின் முதல் வெற்றி. அக்டோபரில் ஆ-ஹா குழுவின் ‘டேக் ஆன் மீ’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முந்தைய ஆண்டு எடுபடாமல் போன அதே பாட்டு, மறுபதிவும் பென்சில் சித்திரங்கள் உயிர்பெறும் காணொளியும் சேர்ந்து உலகைச் சுற்றியது. பிறகு ராய்க்சாப், கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ், கைகோ, அரோரா என்று பெர்கன் நகரிலிருந்து அலை அலையாக வந்தார்கள். சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் இது எப்படி என்று கேட்டால், திறமையை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஊர்தோறும் பள்ளி வாத்தியக் குழுக்கள் உண்டு. ஒவ்வொரு உள்ளாட்சியும் இசை, கலைப் பள்ளி நடத்தியே ஆக வேண்டும் என்று 1997இல் சட்டம் வந்தது. எந்த நாட்டின் கல்வித்துறையும் பார்த்துக் கற்க வேண்டிய ஏற்பாடு.

அதே பெர்கனில், க்ரீகின் பெயர் தாங்கிய க்ரீக்ஹாலன் கட்டிடத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான், 1990களின் தொடக்கத்தில் பிளாக் மெட்டல் தன் வடிவத்தைக் கண்டது. எய்ரிக் ஹுண்ட்வின் என்ற ஒலிப்பதிவாளர் மேஹெம், எம்பரர், இம்மார்ட்டல் குழுக்களை அங்கே பதிவு செய்தார். இந்த இசையைப் பற்றி எழுதும்போது குற்றங்களை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 1992 ஜூனில் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது. இந்த இசை வட்டத்தைச் சேர்ந்தவர்களால் இன்னும் பல தேவாலயங்கள் கொளுத்தப்பட்டன. 1993இல் மேஹெம் குழுவின் கிடார் கலைஞர் கொலையுண்டார். எந்த இசையும் இவற்றுக்கு ஈடாகாது. எரித்தவர்களின் கோபத்தைக் கலகம் என்று கொண்டாடும் எழுத்துகள் இன்றும் வருகின்றன; அவை அந்த மரத் தேவாலயங்களைச் செதுக்கிய தச்சர்களை மறந்துவிடுகின்றன. அந்தக் கும்பலின் வெறியை விட்டு விலகி வளர்ந்த என்ஸ்லேவ்ட், உல்வெர் போன்ற குழுக்கள்தான் இசையாக நிலைத்தன என்பது என் கணிப்பு.

இதுவரை சொன்னதில் ஒரு மக்களின் குரல் வரவில்லை. நாட்டின் வடக்கே வாழும் சாமி மக்களின் ‘யோய்க்’ பாட்டு, இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாவற்றையும்விட நெடுங்காலம் ஒடுக்கப்பட்டது. ஒரு மனிதருக்கோ மலைக்கோ விலங்குக்கோ உரியதாக யோய்க் பாடப்படுகிறது. சொற்கள் குறைவு, சில நேரம் சொல்லே இல்லை. திருச்சபை அதைப் பழைய மதத்தின் மந்திரமாகப் பார்த்தது. 1692இல் ஆண்டர்ஸ் போல்சன் என்ற முதிய சாமி, தன் முரசுக்காக வாட்சோவில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டு, தீர்ப்புக்கு முன்பே கொல்லப்பட்டார். பறிக்கப்பட்ட முரசு டென்மார்க் அரசரின் சேகரிப்புக்குப் போனது. சாமி மக்களுக்கு அதன் உரிமை முறைப்படி திரும்பியது 2022இல்தான்.

இங்கே கேட்டு எழுதியவர்களின் பங்கு சிக்கலானது. பின்லாந்து இசையமைப்பாளர் ஆர்மாஸ் லௌனிஸ் யோய்க் மெட்டுகளை எழுதி 1908இல் வெளியிட்டார். மதிப்புள்ள வேலை. ஆனால் தாள் காப்பாற்றிய அதே காலத்தில் பள்ளிக்கூடம் சாமி மொழியை அழித்துக்கொண்டிருந்தது. அல்டா ஆற்று அணைக்கு எதிராக 1979இல் சாமி இளைஞர்கள் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். மறு ஆண்டு யூரோவிஷன் மேடையில் நார்வே சார்பில் மாட்டிஸ் ஹெட்டா யோய்க் பாடினார். அணை கட்டப்பட்டது, குரல் அடங்கவில்லை. யோய்க் பாவம் என்று கற்பித்த வீட்டில் வளர்ந்த மாரி பொய்னேயின் ‘குலா குலா’ 1989இல் வந்தது. சாமி நாடாளுமன்றம் திறந்ததும் அதே ஆண்டில்.

1994இல் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவுக்குப் பொய்னேயை அழைத்தார்கள். சாமி மக்களை அலங்காரமாக நிறுத்தும் முயற்சி என்று மறுத்துவிட்டார். நில்ஸ்-அஸ்லாக் வால்கேயாபா அதே விழாவில் பாடினார். இருவர் முடிவிலும் நியாயம் இருந்தது. இன்று கௌடோகெய்னோவில் ஈஸ்டர் நாட்களில் சாமி இசைப் போட்டி நடக்கிறது. புதிய பாடல்களுக்கு ஒரு பிரிவு, பாரம்பரிய யோய்க்குக்கு ஒரு பிரிவு. இரண்டாவதில் பக்கவாத்தியம் கிடையாது; போட்டியாளர் மேடையேறி, யாருக்கு உரிய யோய்க் என்று சொல்லிவிட்டுப் பாடத் தொடங்குகிறார்.