தொடாத காடு என்ற கதை

கோயில் காடுகளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளை ரெண்டு வருஷமாகச் சேர்த்துவைத்து வருகிறேன். பத்திரிகை, ஆண்டு மலர், இணையம், துண்டறிக்கை எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பு நிறைய ஆகிவிட்டது. ஊர் மாறுகிறது, சாமி மாறுகிறது, கட்டுரை மட்டும் மாறுவதில்லை. முதல் பத்தியில் வெயில். ரெண்டாவதில் உள்ளே கால் வைத்ததும் குளிர்ச்சி. மூணாவதில் ‘மனிதக் கை படாத ஆதிக் காடு’. நாலாவதில் ‘நம்பிக்கையின் பேரால் முன்னோர் காப்பாற்றினார்கள்’. கடைசியில், நாமும் காப்பாற்றுவோம்.

இந்தக் குறிப்பு அந்த மூணாவது, நாலாவது பத்திகளைப் பற்றியது. கேட்க நல்லாத்தான் இருக்கின்றன. ஆனால் காட்டுக்கு அவை கெடுதல் செய்கின்றன என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம், காலாப்பட்டு தாண்டி வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி இருக்கும் காட்டைப் பார்க்கத்தான் போனேன். ‘காடு’ என்று கேட்டதும் மனசில் வருகிற படம் இங்கே உதவாது. மரங்கள் பெரும்பாலும் 10 மீட்டருக்குள்தான். இலை சின்னது, தடிப்பு, பளபளப்பு. கொடிகள் மரத்துக்கு மரம் தாவி முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. அண்ணாந்து பார்க்கிற காடு இல்லை இது, குனிந்து போகிற காடு. வீரை, காட்டெலுமிச்சை, நாவல், களா, அப்புறம் காசா. காசாவுக்கு இன்னொரு பேர் காயா. காயாம்பூ வண்ணன் என்று எத்தனை பேர் பாடுகிறோம்! அந்த நீலப் பூ பூக்கும் மரம் சாலையோரமாகவே நிற்கிறது. பொங்கல் வைத்துவிட்டுப் போகிறவர்களில் நாலு பேரிடம் கேட்டேன், ஒருத்தருக்கும் பேர் தெரியவில்லை. கேட்ட எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது.

தாவரவியலில் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். 1936-இல் சாம்பியன் இந்தியக் காடுகளை வகை பிரித்தபோதே இது தனி வகையாக இடம் பிடித்துவிட்டது. பேரிலேயே ஒரு புதிர் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். அதற்கப்புறம் மாசக்கணக்கில் வறட்சி. அப்படியும் இலை உதிராத காடு எப்படி வந்தது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துத் தாவரவியலாளர்கள் இதை ரொம்பக் காலம் யோசித்தார்கள். மெஹர்-ஹோம்ஜி 1974-இல் இந்தக் காட்டின் தோற்றத்தைப் பற்றி மட்டுமே தனிக் கட்டுரை எழுதினார். கோயில் இருந்த இடங்களில்தான் நல்ல துண்டுகள் மிச்சம் என்பதால், ஆராய்ச்சிக்காரர்கள் கோயில் கோயிலாகப் போனார்கள்.

‘ஆதிக் காடு’ என்ற பேச்சுக்கு ஊற்று அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1970-களின் நடுவில் மாதவ் காட்கிலும் வார்ட்டக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெய்வக்காடுகளைப் பற்றி எழுதினார்கள். வேட்டையாடி, காய்கனி சேகரித்து வாழ்ந்த காலத்து வழக்கத்தின் எச்சம் இவை என்பது அவர்கள் கருத்து. அன்றைக்கு அது தேவைப்பட்ட எழுத்து. அதற்கப்புறம்தான் இந்தத் துண்டுக் காடுகளைப் படித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் கருதுகோளாக வைத்ததை, பின்னால் வந்த பத்திரிகைக் கட்டுரைகள் கண்ணால் பார்த்த உண்மை மாதிரி எழுதிவிட்டன. ‘எச்சம்’ மெல்ல மெல்லக் ‘கை படாதது’ ஆகிப்போச்சு.

இந்த இடத்தில்தான் ஒரு இங்கிலீஷ் புத்தகம் எனக்குக் கண் திறந்தது. ஆலிவர் ராக்கம் (1939–2015) கேம்பிரிட்ஜ்காரர். ஹேலி வுட் என்ற ஒரே ஒரு சின்னக் காட்டைப் பற்றி 1975-இல் ஒரு முழுப் புத்தகம் போட்டார். வயல்களுக்கு நடுவே சுமார் 50 ஹெக்டேர், காலையில் நுழைந்தால் மத்தியானத்துக்குள் சுற்றி வந்துவிடலாம். ஒரு காலத்தில் ஈலி பிஷப்பின் சொத்து. பிஷப்பின் நிலங்களை எழுதிவைத்த 1251-ஆம் வருஷப் பதிவேட்டில் இந்தக் காடும் வருகிறது. ராக்கம் அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு காட்டைப் படிக்கிறார். எல்லையில் உள்ள மண்கரையையும் பள்ளத்தையும் பார்க்கிறார், அடித்தூர்களைப் பார்க்கிறார், எந்தப் பூ எந்த மூலையில் நின்றுவிடுகிறது என்று பார்க்கிறார்.

அவர் கண்டது இதுதான்: அந்தக் காடு தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டே வந்த காடு. ஆஷ் மரத்தைத் தரையோடு ஒட்ட வெட்டினால் தூரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, அதே கணக்கு. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை விறகுக்கும் வேலிக்கும் வெட்டுவார்கள். வெட்டாமல் விட்ட மரத்தைவிட, வெட்டி வெட்டித் துளிர்த்த தூர் அதிக காலம் உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்தில் காட்டை ஒழித்துக்கட்டியது கோடாரி இல்லை என்கிறார் ராக்கம். ஏர் ஒழித்தது, இருபதாம் நூற்றாண்டில் பழங்காட்டின் மேலேயே நட்ட ஊசியிலைத் தோட்டம் ஒழித்தது. காட்டால் ஒரு உபயோகம் இருந்தவரைக்கும் அதை யாரும் உழவில்லை.

இந்த வாதம் அங்கே சட்டமொழிக்குள்ளும் போனது. 1600-க்கு முன்பிருந்து தொடர்ந்து காடாகவே இருந்தால் அது இங்கிலாந்தில் பழங்காடு. அதற்குப் பட்டியல் போடும் வேலையை 1981-இல் ஆரம்பித்தார்கள். கை பட்டதா படவில்லையா என்ற கேள்வி அந்த வரையறையில் இல்லை. தொடர்ச்சி உண்டா என்பது மட்டும்தான் கேள்வி. தொடர்ச்சியைத் தேதி, வரைபடம், பதிவேடு வைத்து நிரூபிக்கலாம். கன்னித்தன்மையை எதை வைத்து நிரூபிப்பது?

இப்போ நம்ம பக்கம். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், லாஸ்பேட்டை காஞ்சி மாமுனிவர் மேற்படிப்பு மையத்திலிருந்து ராமானுஜமும் கடம்பனும் எழுதிய ஆய்வுக்கட்டுரை 2001-இல் வந்தது. புதுச்சேரிக்கு வடமேற்கே உள்ள ஊரணி, உலகாபுரம் ஆகிய ரெண்டு கோயில் காடுகளின் தாவரக் கணக்கு. ஊரணியில் 74 வகைப் பூக்கும் தாவரங்கள், உலகாபுரத்தில் 136. எண்ணை மட்டும் பார்த்தால் உலகாபுரம்தான் பணக்காரக் காடு. ஆனால் கட்டுக்கோப்பான காடு ஊரணியில்தான் இருந்தது. உலகாபுரத்தில் காடு திறந்துபோய் வெளிச்சம் உள்ளே வந்துவிட்டது, கூடுதல் எண்ணிக்கையில் பெரும்பங்கு பூண்டும் சிறுசெடியும். ‘எத்தனை வகைத் தாவரம் தெரியுமா!’ என்று வியப்புக்குறி போடும் கட்டுரைகளுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. நம்ம ஊர்க் காடுகளைப் பற்றி நான் படித்ததில் ரொம்பப் பிடித்த எழுத்து இது.

ஒரு குறை மட்டும் சொல்லணும். தலைப்பிலேயே நம்பிக்கையின் பங்கு என்று வருகிறது. கட்டுப்பாடு இருந்த இடத்தில் காடு இருக்கிறது, தளர்ந்த இடத்தில் காடு தளர்ந்துபோச்சு. சரி, அந்தக் கட்டுப்பாடு என்ன? யார் வைத்தது, யாருக்கு விலக்கு, எப்போ தளர்ந்தது? நம்பிக்கை என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவும் மூடிக்கிடக்கிறது. உலகாபுரத்தில் சோழர் காலக் கோயில்களும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. 1251-ஆம் வருஷப் பதிவேட்டைத் தேடிப்போன ராக்கம் இங்கே பிறந்திருந்தால், முதலில் அந்தச் சுவர்களுக்கு முன்னால்தான் போய் நின்றிருப்பார். தாவரவியல் துறையிடம் இதையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை, தெரியும். வரலாற்றுக்காரர்கள் பக்கமிருந்தும் யாரும் வரவில்லை என்பதுதான் வருத்தம்.

நம்பிக்கை என்பதைப் பிரித்துப் பார்த்தவர் எலைசா கென்ட். தமிழ்நாட்டுக் கோயில் காடுகளில் சுற்றி அவர் எழுதிய புத்தகம் 2013-இல் வந்தது. மக்கள் மரத்தைத் தொடாமல் இருப்பது சாமிக்காக, அது சாமியின் இடம் என்பதற்காக. சுற்றுச்சூழல் என்ற விளக்கம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. இந்த வித்தியாசம் சின்ன விஷயம் மாதிரிதான் எனக்கும் முதலில் இருந்தது. திண்டிவனம் பக்கம் ஒரு ஊருக்குப் போகும்வரை.

ஊர்ப் பேர் வேண்டாம். சில ஏக்கர் காடு, நடுவில் சாமி. சுள்ளிக்கட்டோடு வந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஆயா, இங்க விறகு எடுக்கலாமா?”

“காய்ஞ்சு வுழுந்தத எடுக்கலாம் தம்பி. பச்சையில கை வெக்கக் கூடாது.”

“யாருமே வெட்டினதில்லையா?”

“தேருக்குக் கழி வேணும்னா உத்தரவு கேட்டு வெட்டுவாங்க. அதுவும் அடி விட்டுத்தான் வெட்டணும். அப்பதான் தழைக்கும்.”

அடி விட்டு வெட்டணும். ராக்கம் ஒரு புத்தகம் எழுதிச் சொன்னதை ஆயா மூணு சொல்லில் முடித்துவிட்டார். இது கை படாத காடு இல்லை. எந்தக் கை, எப்போ, எவ்வளவு, எப்படி என்று கணக்கு வைத்திருந்த காடு. வீரையும் பாலையும் அங்கே பல தண்டாகத் துளிர்த்து நிற்பதைப் பார்த்தேன். பல தண்டு எல்லாமே கோடாரியின் கையெழுத்து என்று சொல்லிவிட முடியாது. புயலும் ஆடுமாடும்கூட அப்படிச் செய்யும். அதனால்தான் ஆயாவின் வாக்கும் பழைய பதிவேடும் பக்கத்தில் வேணும்.

அந்தக் காட்டின் மேற்கு ஓரத்தில் இப்போ புதுசாக ஒரு மண்டபம் நிற்கிறது. தரைக்கு டைல்ஸ். வண்டி நிறுத்த ஒரு திடல். வேண்டுதல் பலித்தவர்கள் காசு போட்டுக் கட்டியது. “சாமிக்கு நல்லது பண்ணிருக்கோம் சார்” என்று ஒரு அண்ணன் பெருமையாகக் காட்டினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நம்பிக்கை குறையவில்லை, பெருகியிருக்கிறது. காடுதான் குறைந்திருக்கிறது. ‘நம்பிக்கை காட்டைக் காக்கிறது’ என்று மட்டும் எழுதத் தெரிந்த கட்டுரைக்கு இந்த மண்டபம் கண்ணிலேயே படாது. பட்டாலும் அதைத் திட்ட வார்த்தை கிடைக்காது. ஆயாவின் விதி அந்த அண்ணனுக்கு வந்து சேராமல் போனதுதான் இங்கே நடந்த இழப்பு. ஆதிக் காடு என்று எழுதி எழுதி, அப்படி ஒரு விதி இருந்ததையே நாம் மறைத்துவிட்டோம்.

ராக்கமை அப்படியே இங்கே கொண்டுவந்து நடவும் முடியாது. ஹேலிக்கு எப்போதும் ஒரு உடையவர் இருந்தார், 1962-இல் உள்ளூர் இயற்கை ஆர்வலர் அமைப்பு அதை வாங்கியது. இங்கே பல இடங்களில் நிலம் ஏட்டில் கோயிலுக்கோ புறம்போக்காகவோ இருக்கும், புழங்குவது பல ஊர்க்காரர்கள். அங்கே காட்டுக்குப் போகிறவர் தனியாக, பேசாமல், பூப் பார்க்கப் போகலாம். இங்கே காது குத்த, பொங்கல் வைக்க, ஆடு வெட்ட மூணு வேனில் போகிறோம். நம்ம கட்டுரைகளில் வரும் அந்தத் தனிமை நடைக்காரர் இரவல் ஆள் என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்னொன்று, தடை எல்லோருக்கும் சமமாக இருந்ததா? விறகுக்கு வேறு வழியில்லாதவரும், உள்ளே வரக்கூடாது என்று சொல்லப்பட்டவரும் இந்தக் காட்டுக்கு ஒரு விலை கொடுத்திருப்பார்கள். காட்டின் வரலாற்றில் அவர்களும் வரவேணும்.

கை பட்டால் காடு போய்விடும் என்ற பயத்துக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு அரித்துப்போன செம்மண் வெட்டவெளி. முதலில் வேகமாக வளரும் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். பிறகு இந்த மண்ணுக்கே உரிய மரங்கள். அவற்றுக்கு விதை சேகரிக்கப் போனது சுற்றுவட்டாரக் கோயில் காடுகளுக்குத்தான்.

தமிழில் கோயில் காடுகளைப் பற்றிப் பட்டியல்கள் உண்டு, ஆய்வேடுகள் உண்டு. ஒரே ஒரு காட்டுக்கு ஒரு முழுப் புத்தகம், என் கண்ணில் இதுவரை படவில்லை. பெரிய செலவு கிடையாது. சர்வே எண், புலப்படம், பழைய அ-பதிவேடு, இருந்தால் கல்வெட்டு, திருவிழாக் கணக்கு, ஆயாக்களின் விதிகள், இன்றைக்கு எந்த மரம் எங்கே நிற்கிறது என்ற வரைபடம். இவ்வளவும் கையில் இருந்தால் ‘காடு போகுது’ என்ற புலம்பலுக்குப் பதிலாக, எது, எப்போ, எவ்வளவு போச்சு என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லலாம். மண்டபம் கட்டுகிற அண்ணனிடமும் பேசலாம். அவர் கெட்டவர் இல்லை, அவருக்குக் காட்ட நம்மிடம் ஒரு தாள் இல்லை, அவ்வளவுதான்.

கிளம்புமுன் மண்டபத்துச் சுவரிலிருந்து காட்டின் முதல் வீரை மரம் வரை எட்டு வைத்து எண்ணினேன். 31. தேதி போட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன். அடுத்த ஆடிக்குப் போய்த் திரும்ப எண்ணணும்.